கேலரியைக் கட்டிவிடலாம், ஆரவாரத்தை?

கிழக்கு லண்டனின் அப்டன் பார்க் மைதானத்தில் 2016 மே 10 அன்று வெஸ்ட் ஹாம் கால்பந்து அணி தன் கடைசி ஆட்டத்தை ஆடியது. மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என்று வென்ற கையோடு, 1904 முதல் குடியிருந்த இடத்தைக் காலி செய்துவிட்டு, 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய அரங்குக்குக் குடிபெயர்ந்தது. பழைய இடத்தில் 35,000 பேர். புதிய இடத்தில் முதலில் 57,000, பிறகு 62,500. அதே ரசிகர்கள், அதே பாட்டு. கூட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகியும் சத்தம் கூடவில்லை. இறங்கிவிட்டது என்பதுதான் ரசிகர்களின் புலம்பல். தடகள ஓடுதளம் இருந்த அரங்கு என்பதால் கீழ்க் கேலரி நகரும் இருக்கைகளால் ஆனது. மேல் கேலரிக்கும் அதற்கும் நடுவே ஒரு பள்ளம். களத்தைச் சுற்றியிருந்த வெற்றிடத்தை மறைக்க அணியின் நிறத்தில் கம்பளம் விரித்துப் பார்த்தார்கள். கோலுக்குப் பின்னால் வளைந்து கிடந்த வரிசைகளைப் பிற்பாடு நேராக்கிக் களத்துக்கு நெருக்கினார்கள். நிலைமை கொஞ்சம் தேறியது. ஆனால் அப்டன் பார்க் திரும்பவில்லை.

இத்தாலியின் தூரின் நகரில் நடந்தது இதற்கு நேரெதிர். 1990 உலகக் கோப்பைக்குக் கட்டிய டெல்லே ஆல்பி அரங்கில் ஏறத்தாழ 69,000 பேர் உட்காரலாம், சுற்றிலும் ஓடுதளம். யுவென்டஸ் கோப்பை மேல் கோப்பை வென்ற ஆண்டுகளிலும் அது பாதி காலியாகவே கிடந்தது. அதை இடித்துவிட்டு அதே நிலத்தில் 2011-ல் திறந்த புதிய அரங்கில் இடம் 41,000-க்குச் சற்று மேல். முதல் வரிசைக்கும் களத்துக்கும் இடைவெளி ஏழரை மீட்டர். இருக்கையைக் குறைத்தார்கள், இரைச்சல் ஏறியது. முதல் பருவத்திலேயே யுவென்டஸ் ஒரு லீக் ஆட்டத்திலும் தோற்காமல் பட்டம் வென்றது. அதற்குப் பயிற்சியாளர் கோன்டேயும் பிர்லோவின் கால்களும் பெரிய காரணம். கான்கிரீட்டுக்கு முழுப் பெயரும் கொடுத்துவிட முடியாது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விடை கையில் கிடைத்துவிட்டது போலத் தோன்றும்: கூட்டத்தை நெருக்கி வை, சத்தம் தானாக வரும். ஆனால் நேப்பிள்ஸ் நகர அரங்கிலும் ஓடுதளம் உண்டு. ரோமின் ஒலிம்பிக் அரங்கிலும் உண்டு. அந்த இரண்டு ஊர்களிலும் காது அடைத்துப்போகும். லண்டனில் ஆர்சனல் 2006-ல் கட்டிய எமிரேட்ஸ் அரங்கில் ஓடுதளம் கிடையாது, பார்வைக் கோணத்தில் குறை சொல்ல இடமில்லை, கூரையும் உண்டு. இருந்தும் பல ஆண்டுகள் அது நூலகம் என்றே கேலி பேசப்பட்டது. ஆக, கேலரியின் வடிவம் எதுவரை உதவும், எங்கே கைவிடும் என்பதுதான் கேள்வி.

சத்தத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா என்று சிலர் கேட்கலாம். ஆய்வாளர் ஆலன் நெவில் குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு, லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் நடந்த லிவர்பூல் - லெஸ்டர் ஆட்டத்தின் 47 மோதல்களை வீடியோவில் காட்டினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மீதிப் பேருக்குச் சத்தமில்லாமல். சத்தம் கேட்டவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். ஜெர்மன் லீக் ஆட்டங்களை ஆராய்ந்த தாமஸ் டோமன் 2008-ல் இன்னொன்றைச் சொன்னார்: ஆட்ட முடிவில் கூடுதல் நேரம் கொடுப்பதில் உள்ளூர் அணிப் பக்கம் சாயும் பழக்கம், ஓடுதளம் உள்ள அரங்குகளில் குறைவு. கொரோனா காலத்தில் 2020 மே 16 முதல் ஜெர்மனியில் ஆளில்லா மைதானங்களில் ஆட்டம் தொடங்கியபோது உள்ளூர் அணிகளின் வெற்றி விகிதம் சரிந்தது. வெளியூர் அணிக்குக் காட்டும் மஞ்சள் அட்டையும் குறைந்தது. கேலரிக்கும் புள்ளிப் பட்டியலுக்கும் தொடர்பு உண்டு என்று அணி முதலாளிகள் நம்புவதில் நியாயம் இருக்கிறது.

ஓடுதளம் ஏன் கெடுக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். முறைப்படியான 400 மீட்டர் தளத்தில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், இருபுற வளைவின் ஆரம் 36.5 மீட்டர். உள்ளே 105-க்கு 68 மீட்டர் கால்பந்துக் களத்தைப் பொருத்தினால், பக்கவாட்டுக் கோட்டிலிருந்து ஓடுதளத்தைத் தாண்டிக் கேலரிக்குப் போகக் கிட்டத்தட்ட 12 மீட்டர். அது பொறுத்துக்கொள்ளக் கூடியது. கோல் கோட்டுக்குப் பின்னாலோ ஏறத்தாழ 36 மீட்டர். பாடுகிறவர்களும் கொடி பிடிக்கிறவர்களும் மேளம் கொட்டுகிறவர்களும் உலகம் முழுக்கக் கூடும் இடம் கோலுக்குப் பின்னால்தான். ஓடுதளம் சரியாக அவர்களைப் பிடித்துத்தான் பின்னுக்குத் தள்ளுகிறது. டிக்கெட் விலை அதிகமான பக்கவாட்டு இருக்கைகளுக்கு நட்டம் சொற்பம்.

தூரம் கூடினால் சத்தம் குறையும் என்பது பாதி உண்மைதான். திறந்தவெளியில் ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒலி, தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் இறங்கும். கூட்டம் புள்ளியல்ல, அகன்ற பரப்பு. அதனால் இறக்கம் இவ்வளவு இராது. பெரிய சிக்கல் நேரத்தில் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு கோல் கேலரியின் நடுவிலிருந்து எதிர்க் கேலரியின் நடுவுக்கு 150 மீட்டர் என்று வைத்தால், இங்கே தட்டிய கை அங்கே கேட்க 0.44 நொடி. நொடிக்கு இரண்டு தட்டு என்ற வேகத்தில், கிட்டத்தட்ட ஒரு தட்டு பின்தங்கிப் போய்ச் சேரும். எதிர்ப்பக்கம் அதைக் கேட்டுப் பாடத் தொடங்கி, அது திரும்பி வருவதற்குள் இங்கே அடுத்த அடி போய்விடும். பெரிய அரங்குகளில் பாட்டு எழும்பி இரண்டு வரிக்குள் குழம்பி அடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே கேலரிக்குள் நடுவிலிருந்து ஓரத்துக்கு 35 மீட்டர் என்றால் தாமதம் பத்தில் ஒரு நொடி. அதைச் சமாளித்துவிடலாம். பாட்டைத் தொடங்கிவைப்பவர் களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேலரியின் முன்புறம் நடுவில், கம்பி மேல் ஏறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவருடைய குரலைவிட அவருடைய கைக்குத்தான் வேலை அதிகம். கண்ணுக்குத் தாமதம் கிடையாதே. ஆட்டம் தெரியும்படி வரிசை அமைப்பது ஒன்று. அந்தக் கை எல்லோருக்கும் தெரியும்படி அமைப்பது இன்னொன்று.

வரிசைகளின் சரிவுக்கு வருவோம். பின்னால் இருப்பவரின் பார்வைக்கோடு முன்னால் இருப்பவரின் கண்மட்டத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் மேலே போகிறது என்பதைக் கட்டடக் கலைஞர்கள் ‘சி’ மதிப்பு என்பார்கள். 60 என்றால் சமாளிக்கலாம், 90 நல்லது, 120 அருமை. முதல் வரிசை களத்தை நெருங்க நெருங்க, இந்த மதிப்பைக் காப்பாற்ற வரிசைகள் இன்னும் செங்குத்தாக எழ வேண்டும். பிரிட்டனின் பாதுகாப்பு வழிகாட்டி 34 பாகையோடு நிறுத்திவிடுகிறது. அதற்கு மேல் போனால் படியிறங்கும் கிழவருக்குத் தலை சுற்றும், யாராவது தடுக்கி விழுந்தால் ஐந்து வரிசையைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போவார். அருகாமை, பார்வை, பாதுகாப்பு ஆகிய மூன்றையும் முழுதாகப் பெற முடியாது.

பழைய ஆங்கில மைதானங்கள் இந்தச் சிக்கலைத் தூண்களால் தீர்த்தன. ஆர்ச்சிபால்டு லீச் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கேலரிகளில் மேல் அடுக்கு கீழ் அடுக்கின் தலைமேல் வந்து நிற்கும். கூரை தாழ்ந்து கிடக்கும். நடுவே இரும்புத் தூண்கள். தூணுக்குப் பின்னால் சீட்டு கிடைத்தவன் பாதி ஆட்டத்தைக் கழுத்தை வளைத்தே பார்க்க வேண்டும். இன்றைக்கு அந்த இருக்கையை யாரும் விற்க முடியாது. ஆனால் தூணை எடுத்தால் கூரையை மேலேயிருந்து தாங்கப் பெரிய உத்திரங்கள் தேவை. கூரை உயர்ந்தது, மேல் அடுக்கு பின்வாங்கியது. நடுவில் பணக்கார விருந்தினருக்கான கண்ணாடி அறைகள் ஒரு வளையமாக வந்து உட்கார்ந்தன. எல்லோருக்கும் நல்ல பார்வை கிடைத்தது. எல்லோரும் தள்ளியும் போனார்கள். தூணை நான் புகழவில்லை. அந்தத் தூணுக்கு ஈடாக எதை விட்டுக்கொடுத்தோம் என்று கணக்கு வைத்தவர் குறைவு என்கிறேன்.

கூரையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஆனால் அதன் பலன் பெரிது. கடினமான அடிப்பரப்பு கொண்ட தாழ்ந்த கூரை, பாடும் கூட்டத்தின் குரலை அவர்கள் காதுக்கே திருப்பி அனுப்புகிறது. தன் குரல் தனக்குக் கேட்டால்தான் மனிதன் அடுத்த வரியை உரக்கப் பாடுவான். மார்செய் நகரின் வெலோட்ரோம் அரங்கு முன்பு பெரும்பாலும் கூரையில்லாமல் காற்றுக்குத் திறந்து கிடந்தது. 2014-ல் கூரை முழுமையடைந்த பிறகு அதே கூட்டத்தின் குரல் உள்ளேயே நின்றது. போர்ச்சுகலின் பிராகா நகரில் எடுவர்டோ சோட்டோ டி மோரா 2003-ல் கட்டிய மைதானத்தில் இருபக்கமும்தான் கேலரி. ஒரு கோலுக்குப் பின்னால் பாறைச் சுவர், இன்னொன்றுக்குப் பின்னால் வெட்டவெளி. 2011-ல் பிரிட்ஸ்கர் விருது பெற்றவரின் கட்டடம். படம் எடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கோலுக்குப் பின்னால் ஆள் நிற்க இடமே விடாத மைதானம் கால்பந்துக்கு அரை மைதானம்தான். கூரையில் முரண் ஒன்றும் உண்டு: சத்தம் எதிரொலித்தால் ஆபத்து நேரத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பு புரியாது, இசைக் கச்சேரிக்கு வாடகைக்கு விடவும் முடியாது. அக்கம்பக்கத்துக் குடியிருப்புகள் வேறு புகார் கொடுக்கும். அதனால் கூரையின் எந்தப் பகுதி ஒலியைத் திருப்ப வேண்டும், எது உறிஞ்ச வேண்டும் என்று பங்கு பிரிக்க ஒலி நிபுணர்களை அமர்த்துகிறார்கள்.

இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஜெர்மனியின் டோர்ட்மண்டில்தான் போய் நிற்கும். அங்குள்ள தெற்குக் கேலரியில் 24,454 பேர் நின்றபடி ஆட்டம் பார்க்கிறார்கள். மஞ்சள் சுவர் என்று பெயர். மேலே போகப் போகச் சரிவு 37 பாகை. கீழிருந்து உச்சி வரை நடுவில் கண்ணாடி அறையோ உணவகமோ குறுக்கிடாத ஒரே பரப்பு. எதிர் அணிக் கோல்காப்பாளர் நிமிர்ந்தால் வானம் தெரியாது, ஆட்கள்தான் தெரிவார்கள். பியூனஸ் ஐரிஸில் போகா ஜூனியர்ஸின் லா பொம்பொனேரா 1940-ல் வேறு காரணத்தால் இதே பலனை அடைந்தது. நிலம் போதவில்லை, மூன்று பக்கமும் செங்குத்தாக ஏற்றினார்கள், நான்காவது பக்கம் தட்டையான சுவர் போல நிற்கிறது. கூட்டம் ஒரே தாளத்தில் குதித்தால் கான்கிரீட் அதிர்வது காலடியில் தெரியும்.

டாட்டன்ஹாம் அணி 2019 ஏப்ரலில் திறந்த 62,850 இருக்கை அரங்கில் தெற்குக் கேலரியை ஒரே அடுக்காக 17,500 பேருக்குக் கட்டியது. பிரிட்டனிலேயே பெரிய ஒற்றை அடுக்கு. டோர்ட்மண்டைப் பார்த்துத்தான் செய்தோம் என்று அவர்களே சொன்னார்கள். எவர்டன் அணியும் 1892 முதல் ஆடிவந்த குடிசன் பார்க்கை மகளிர் அணிக்கு விட்டுவிட்டு, 2025-ல் மெர்சி நதிக்கரையில் திறந்த அரங்கில் தெற்குப் பக்கம் சுமார் 13,000 பேருக்கு ஒற்றை அடுக்கை எழுப்பியது. ஆக, ஒற்றை அடுக்கு, செங்குத்துச் சரிவு, தாழ்ந்த கூரை, நெருக்கம் என்ற சமையல் குறிப்பு இன்று எல்லாக் கட்டடக் கலைஞர் கையிலும் இருக்கிறது. குறிப்பு ஒன்றானாலும் சுவை ஊருக்கு ஊர் மாறுகிறது. டோர்ட்மண்டின் கேலரியில் நிற்பவர் மலிவான டிக்கெட்டில் நிற்கிறார். டாட்டன்ஹாமின் டிக்கெட் இங்கிலாந்திலேயே விலை உயர்ந்தவற்றில் சேரும். முதியோருக்கான சலுகை சீசன் டிக்கெட்டுகளை இனிப் புதிதாகத் தரமாட்டோம் என்று 2024-ல் அறிவித்து, ரசிகர்களின் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டது அந்த நிர்வாகம்.

இங்கே நிற்பதா, உட்காருவதா என்ற பழைய வழக்கு வருகிறது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கம்பி வேலிக்குள் நெரிபட்டு 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். 1990-ல் வந்த டெய்லர் அறிக்கையைத் தொடர்ந்து இங்கிலாந்தின் முதல் இரண்டு பிரிவுகளில் நிற்கும் கேலரிகள் ஒழிந்தன. லிவர்பூலின் ஸ்பியன் காப் கேலரியில் ரசிகர்கள் கடைசியாக நின்றது 1994 ஏப்ரல் 30-ஆம் தேதி. ஒரு காலத்தில் 28,000 பேர் நின்ற இடம் 12,000 இருக்கைகளாகச் சுருங்கியது. (1900 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் போர் நடந்த குன்றின் பெயர் அது. அந்தப் போரில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்ததில் காந்தி சேர்த்த இந்தியர் படைக்கும் பங்கு உண்டு. அதில் பெரும்பகுதி நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகள், அவர்களில் தமிழர்கள் ஏராளம். காப்பில் நின்று பாடிய எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?) ஆனால் ஹில்ஸ்பரோ சாவுகளுக்குக் காரணம் நின்றது அல்ல. காவல்துறை கூட்டத்தைக் கையாண்ட விதமும் கூண்டு போன்ற வேலிகளும்தான். 2016-ல் விசாரணை நடுவர் குழு அவை சட்டவிரோதக் கொலைகள் என்றே தீர்ப்புச் சொன்னது.

ஜெர்மனி நிற்கும் கேலரியைக் கைவிடவே இல்லை. வரிசைக்கு ஒரு கம்பி, மடித்துப் பூட்டும் இருக்கை என்று மாற்றிக்கொண்டது. அந்தக் கம்பி இடுப்பளவில் நிற்கிறது. கோல் விழுந்து பின்னால் இருப்பவர்கள் பாய்ந்தாலும் சரிந்து விழ வழியில்லை. ஸ்காட்லாந்தில் செல்டிக் 2016-ல் இதைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 2022 ஜனவரியில் சோதனை ஓட்டம், அடுத்த பருவத்திலிருந்து அனுமதி. இது வந்ததால் கிடைத்த பெரிய லாபம் நிற்க முடிந்தது அல்ல. இருக்கை எண் வழியாகப் பிரித்துப்போட்ட நண்பர்கள் மறுபடி ஒரே இடத்தில் கூட முடிந்ததுதான். பாடுகிறவன் பக்கத்தில் பாடாதவன் உட்கார்ந்திருந்தால் இரண்டாவது வரியில் பாடுகிறவனுக்கே வெட்கம் வந்துவிடும்.

எமிரேட்ஸ் இதற்கு நல்ல சாட்சி. அதன் நடு அடுக்கு முழுக்கச் சுமார் 7,000 உயர்விலை இருக்கைகள். இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியும் அங்கே பாதி ஆட்கள் விருந்தறையில்தான் இருப்பார்கள். வெம்ப்லியிலும் இதே காட்சி, தொலைக்காட்சியில் காலி இருக்கைகளின் ஒரு சிவப்பு வளையமாக. சத்தம் கீழ் அடுக்குக்கும் மேல் அடுக்குக்கும் நடுவே அறுந்துபோகும். ஆனால் 2021-22 பருவத்திலிருந்து எமிரேட்ஸ் மாறியது. இளைஞர் குழு ஒன்று ஒரு பகுதியில் ஒன்றாகச் சேர்ந்து, மேளத்தோடு, முழு ஆட்டமும் நின்று பாடத் தொடங்கியது. அணியும் நன்றாக ஆடியது. ஒரு செங்கல்லைக்கூட யாரும் நகர்த்தவில்லை.

விலை ஏறினால் பாடும் கூட்டம் எழுந்தும் போய்விடும் என்பதற்குச் சாட்சி ஆன்ஃபீல்டு. புதிய பிரதான கேலரியில் டிக்கெட் விலையை 77 பவுண்டு வரை ஏற்றப்போவதாக அறிவித்ததும், 2016 பிப்ரவரி 6 அன்று சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என்று முன்னிலை. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாளில் நிர்வாகம் விலையைத் திரும்பப் பெற்றது. மறுபக்கம், பெர்லினில் யூனியன் அணியின் ரசிகர்கள் 2008-09-ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூலி வாங்காமல் உழைத்துத் தங்கள் மைதானத்தைக் கட்டினார்கள். மொத்த இடம் 22,000 சொச்சம். அதில் 18,000-க்கு மேல் நிற்கும் இடம். எந்த ஒலி நிபுணரும் தேவைப்படவில்லை.

இந்தியாவுக்கு வந்தால் கணக்கு எளிது. கொல்கத்தாவின் சால்ட் லேக், பெங்களூரின் கண்டீரவா, சென்னையின் ஜவஹர்லால் நேரு, 2018-19-ல் சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டம் வென்ற கோவை நேரு அரங்கு என எல்லாம் தடகளத்துக்கும் சேர்த்துக் கட்டியவை. கொச்சி அரங்கு கிரிக்கெட்டும் ஆடிய நீள்வட்டம். ஆனாலும் கொச்சியின் மஞ்ஞப்படை, பெங்களூரின் வெஸ்ட் பிளாக் புளூஸ், சென்னையின் சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் புளூஸ் ஆகிய குழுக்கள் அந்தத் தூரத்தைத் தாண்டிச் சத்தத்தைக் கொண்டுபோகின்றன. இவர்களில் இரண்டு குழுவினர் கேலரியின் பெயரையே தங்கள் பெயராக வைத்துக்கொண்டதைக் கவனியுங்கள். ஒன்றாகக் கூட ஓரிடம் கிடைத்ததுதான் அவர்களுடைய பலம். மலபார் செவன்ஸ் ஆட்டங்களில் கோட்டை மிதிக்கும் தூரத்தில் தற்காலிகக் கேலரி கட்டிவிடுவார்கள். அந்த நெருக்கத்தை எந்தப் பெரிய அரங்கும் எட்டாது. அங்கே அவ்வப்போது கேலரி சரிந்து ஆட்கள் காயம்படுவதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் மலப்புரத்தில் அப்படி நடந்தது. நெருக்கம் வேண்டும் என்பதற்காகக் கம்பியையும் கணக்கையும் விட்டுவிட முடியாது.

தமிழ்நாட்டில் கால்பந்துக்கென்றே ஒரு மைதானம் கட்டும் நாள் வந்தால், கூரையின் படத்தை விளம்பரப் பலகையில் ஏற்றுவதற்கு முன் அதைக் கட்டப்போகிறவர்கள் ஒன்றைச் செய்ய வேண்டும். கோலுக்குப் பின்னால் ஒரு கேலரியை முழுதாக, இருக்கை எண் இல்லாமல், வரிசைக்கு வரிசை கம்பியோடு, ஒரு சினிமா டிக்கெட்டின் விலைக்கு மேல் போகாத கட்டணத்தில் ஒதுக்கி, அந்தக் கட்டணத்தைப் பத்தாண்டுக்கு ஏற்றமாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். சரிவு எத்தனை பாகை என்பதைப் பொறியாளர் பார்த்துக்கொள்வார்.